பிஸ்கோத்து சமாச்சாரம்

வேங்கிக்காலில் டீக்கடைக்காரர்களுக்குத் திங்கட்கிழமைதான் நல்ல நாள். அன்றைக்குத் திருவண்ணாமலைக் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்ப்புக் கூட்டம். செங்கம், தண்டராம்பட்டு, போளூர், ஜவ்வாது மலை என்று எங்கெங்கிருந்தோ விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள் வேலூர் சாலையில் இறங்குவார்கள். யாரையாவது பிடித்து மனுவை எழுதி வாங்கிக்கொண்டு, வரிசையில் போய் நிற்பதற்கு முன்னால் ஒரு டீ குடிப்பார்கள். கூடவே இரண்டு பிஸ்கட். கண்ணாடி ஜாடியின் தகர மூடியைத் திருகி, கையை உள்ளே விட்டு அவர்களே எடுத்துக்கொள்வார்கள். சால்ட், பட்டர், தேங்காய், முந்திரி என்று நாலைந்து ஜாடிகள் இருக்கும். முந்திரி பிஸ்கட்டின் தலையில் ஒட்டியிருப்பது பல நாள் வேர்க்கடலையாகத்தான் இருக்கும்; யாரும் சண்டைக்குப் போய் நான் பார்த்ததில்லை. டீயில் நனைத்து, அது ஊறி இற்று உள்ளே விழுவதற்குள் வாய்க்குக் கொண்டுபோவது ஒரு கைவேலை. மடியில் பட்டா நகலும் கையில் டம்ளருமாக அந்த வேலையைப் பிசகாமல் செய்கிற கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். மத்தியானம் இரண்டு மணிவரை அவர்களுக்கு அதுதான் சாப்பாடு.

இத்தனை பேரின் பசியை ஆற்றியும் இந்தச் சின்ன வட்டத்துக்குத் தமிழில் மரியாதை கிடையாது. என் பாட்டி இதைப் 'பிஸ்கோத்து' என்பாள். போர்த்துக்கீசியர்களின் 'பிஸ்கொய்த்து' கப்பலை விட்டிறங்கி, எத்தனையோ வாய் தாண்டி, வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் அவள் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. லத்தீன் மூலத்தில் அதற்கு இருமுறை வெந்தது என்று பொருள். மாதக்கணக்கில் கடலில் கிடக்கிறவர்களுக்காக, ஈரம் ஒரு பொட்டு இல்லாமல் சுட்டு மூட்டை கட்டிக் கொடுத்த தீனி. அங்கே உயிரைக் காத்த பண்டம் இங்கே வந்ததும் அற்பமாகிவிட்டது. ஒன்றுக்கும் உதவாதவன் பிஸ்கோத்துப் பயல். சில்லறை விவகாரமெல்லாம் பிஸ்கோத்து மேட்டர். காரியம் ஆகவேண்டிய இடத்தில் ஒருவன் குழைந்து பேசினால் பிஸ்கட் போடுகிறான் என்கிறோம். 2020-இல் வந்த சந்தானம் படத்துக்கே 'பிஸ்கோத்து' என்றுதான் பெயர். பெயரைக் கேட்டதுமே சிரிப்புப் படம் என்று தெரிந்துவிடும். தங்கம் ஒன்றுதான் பிஸ்கட் ஆன பிறகும் மானத்தோடு இருக்கிறது.

அப்படிப்பட்ட பண்டத்தை ஐம்பத்திரண்டு வயதில் வீட்டில் செய்யக் கிளம்பினேன்.

காரணம் ரொம்பச் சாதாரணம். மனைவிக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார். இப்போது எல்லா டாக்டரும் சொல்வதுதான். ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்று ஒரு வழவழப்பான நார் இருக்கிறது. தினம் 3 கிராம் உள்ளே போனால் கொழுப்பைக் குறைக்க உதவும் என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள 1997-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அந்த வரி கடல் தாண்டி வேங்கிக்கால் மளிகைக் கடை அலமாரிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த வழவழப்பு இருக்கிறதே, அதுதான் எங்கள் வீட்டில் ஒத்துவரவில்லை. முதல் நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். கரண்டியைத் தூக்கினாள், கஞ்சியும் கூடவே எழுந்து வந்தது. "இத வெச்சு போஸ்டர் ஒட்டலாங்க" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். சரி, பிஸ்கட்டாகச் செய்தால் தின்பாள் என்று நினைத்தேன்.

முதல் தடவை நான் வாங்கி வந்தது மசாலா ஓட்ஸ். அவசரத்தில் பாக்கெட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய் எல்லாம் போட்டுப் பிசைந்த பிறகுதான் வெங்காய வாடையும் பூண்டு வாடையும் எழுந்தன. கொட்ட மனசு வரவில்லை; சுட்டுவிட்டேன். தட்டில் ஆறிக்கொண்டிருந்ததை அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, வரட்டி தட்டி வெச்சிக்கிற?"

உருவத்தைப் பொறுத்தவரை அவள் சொன்னதில் தப்பில்லை. இன்றைக்கும் நான் செய்கிற ஓட்ஸ் பிஸ்கட், விளிம்பு வெடித்து, மேலே வைக்கோல் துணுக்குபோல ஓட்ஸ் துருத்திக்கொண்டு, சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த குட்டி வரட்டி மாதிரிதான் இருக்கிறது. அச்சில் வார்த்த கம்பெனி பிஸ்கட்டின் மொழுமொழுப்பு அதற்கு வராது, வரவும் வேண்டாம்.

கொழுப்பு கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 3 கிராம் பீட்டா குளுக்கான் கிடைக்கச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் தின்ன வேண்டும். என் கணக்கில் ஒரு பிஸ்கட்டில் ஓட்ஸ் 5 கிராம். அப்படியானால் நாளைக்குப் பதினைந்து பிஸ்கட். பதினைந்து பிஸ்கட்டோடு 67 கிராம் வெண்ணெயும் சேர்ந்து உள்ளே போகும். உடம்புக்கு நல்லது என்று சொல்லி ஓட்ஸ் பிஸ்கட் விற்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, விற்கட்டும். மனைவி இப்போது கஞ்சியை மோரில் கரைத்து உப்புப் போட்டுக் குடிக்கப் பழகிவிட்டாள். பிஸ்கட் செய்யும் பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

இந்த வேலையை எனக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது மாடிக்குக் குடிவந்த ஸ்காட்லாந்துக்கார அம்மாள். ரமணாசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டவர்கள் செங்கம் சாலைப் பக்கம்தான் வீடு தேடுவார்கள். அங்கே அவர்களுக்கென்றே ரொட்டிக் கடைகள்கூட உண்டு. அந்தப் பக்கத்து வாடகை கட்டுப்படியாகாதவர்கள் இப்படி ஊரின் வடகோடிக்கும் வருவதுண்டு. இந்த அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். மார்கழியில் வந்தால் பங்குனி வெயில் தொடங்கும்போது கிளம்பிவிடுவார். கீரைக்காரியிடம் பேரம் பேசுகிற அளவுக்குத் தமிழ் தெரியும். ஒரு நாள் காலையில் அம்மா என்னை எழுப்பினாள்: "வெள்ளக்காரம்மா தோசக்கல்லு கேக்குதுடா. குடுக்கட்டா?" எதற்கு என்று பார்க்க நானும் மாடிக்குப் போனேன்.

அவர் ஓட்ஸை மிக்சியில் ஒரே ஒரு சுற்று விட்டு, ரவை பதத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தியிருந்தார். அதில் உப்பு, ஒரு கரண்டி உருக்கிய நெய், கொதிக்கிற வெந்நீர். அவ்வளவுதான், சர்க்கரைகூட இல்லை. கை பொறுக்கும் சூட்டிலேயே வேகமாகப் பிசைந்து, பலகையில் காய்ந்த ஓட்ஸைத் தூவி, அதன்மேல் வட்டமாகத் தட்டினார். ஆறிவிட்டால் விண்டுபோகுமாம். தட்டிய வட்டத்தைக் கத்தியால் நாலாகக் கீறி, மிதமான சூட்டில் கல்லின்மேல் வைத்தார். புரட்டவில்லை. கால் மணி நேரத்தில் நாலு துண்டின் முனைகளும் காய்ந்த இலைபோல மேல்நோக்கி வளைந்தன. பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து மேல்பக்கத்தை உலர்த்தினார். கடித்தால் நறநறவென்றிருந்தது. உப்பும் நெய்யும் லேசாகப் புகையும் கலந்த ருசி. வறுத்த பொட்டுக்கடலைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. அம்மாவுக்கு ஒரு துண்டு கொடுத்தார். பல் இல்லாத அம்மா அதை டீயில் போட்டு ஊறவைத்து, "நம்ம கேவுரு அடைதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அவருடைய ஊரிலும் அந்தக் காலத்தில் இது இரும்புக் கல்லில் சுட்டதுதான் என்றார். அந்தக் கல்லுக்குக் கிர்டில் என்று பெயர். ஓட்ஸ் பிஸ்கட்டின் பாட்டி தோசைக்கல்லில் பிறந்தவள் என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு ஒரு கூச்சம் விட்டது. ஓவன் இல்லாத வீட்டில் பிஸ்கட் சரியாக வராது என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்ஸுக்கு அதன் சொந்த மண்ணிலேயே இளக்காரம் உண்டு. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில், இங்கிலாந்தில் இதைக் குதிரைக்குப் போடுகிறார்கள், ஸ்காட்லாந்தில் மனிதர்கள் தின்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு குத்தல் எழுதி வைத்தார். அதனால்தான் உங்களிடம் நல்ல குதிரைகள், எங்களிடம் நல்ல மனிதர்கள் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் திருப்பிக் கொடுத்தாராம். மாடிவீட்டம்மாள் இதைச் சொல்லிச் சிரித்தபோது நான் அவருக்குக் கொள்ளைக் காட்டினேன். நமக்கும் குதிரைத் தீனி ஒன்று இருக்கிறது. அதையும் நாம் ரசம் வைத்துக் குடிக்கிறோம். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழியே இருக்கிறது. ஓட்ஸுக்குத் தமிழில் காடைக்கண்ணி என்று ஒரு பெயர் சொல்கிறார்கள். அழகான பெயர். அந்தப் பெயரைச் சொல்லி வேங்கிக்கால் கடையில் கேட்டால் பறவைத் தீவனக் கடைக்கு வழிகாட்டுவார்கள்.

கடையில் கிடைக்கிற ஓட்ஸ் ஏன் அவலைப்போலத் தட்டையாக இருக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அரிசியையும் கோதுமையையும்விட ஓட்ஸில் எண்ணெய்ப் பசை அதிகம். கூடவே அந்த எண்ணெயைக் கெடுக்கும் நொதி ஒன்றும் அதற்குள்ளேயே இருக்கிறது. உடைத்துவிட்டால் சில நாளில் கசந்துவிடும். கம்பு மாவு அரைத்த ஒரு வாரத்தில் காறிப்போவதற்கும் இதே காரணம்தான். நம் வீடுகளில் கம்பை அன்றன்றைக்கு இடித்தது அதனால்தான். ஓட்ஸை ஆவியில் வேகவைத்து அந்த நொதியைக் கொன்றுவிட்டு, உருளையில் நசுக்கி உலர்த்துகிறார்கள். ஆக, பாக்கெட் ஓட்ஸ் ஏற்கெனவே ஒருமுறை வெந்தது. அதை நாம் மறுபடி சுடும்போதுதான் லத்தீன்காரர்களின் 'இருமுறை' கணக்கு நேராகிறது. (இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பண்டிதர்கள் மன்னிக்க வேண்டும்.)

சுடுவது என்று எழுதும்போது எப்போதும் பேனா கொஞ்சம் தயங்குகிறது. அது சரியான சொல்தானா? அப்பளம் சுடுகிறோம், வடை சுடுகிறோம், தோசை சுடுகிறோம், கத்தரிக்காயையும் சுடுகிறோம். நான்கும் நான்கு வேலை. ஒன்று தணலில், ஒன்று எண்ணெயில், ஒன்று கல்லில், ஒன்று நேராக நெருப்பில். நம் அடுப்பில் சூடு எப்போதும் கீழிருந்துதான் வரும். நாலு பக்கமும் மூடிய அறைக்குள் எல்லாத் திசையிலிருந்தும் காற்றாகச் சூடு வந்து தொடுவது நம் வீட்டுச் சமையலில் கிடையாது. செங்கல் சூளையிலும் குயவர் சூளையிலும்தான் உண்டு. அதனால் அதற்கொரு வினைச்சொல்லும் சமையலறைக்கு வரவில்லை. ஈழத்தில் இருக்கிறது. பேக்கரியை அவர்கள் வெதுப்பகம் என்கிறார்கள். பாண் போடுகிற பெரிய அடுப்புக்குப் போறணை என்று பெயர், அதுவும் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்தான். நாம் பேக் பண்ணுகிறோம். பண்ணுகிற கைகளும் பெரும்பாலும் வெளியூர்க் கைகள்தான். தலச்சேரியில் மாம்பள்ளி பாபு பர்மாவில் கற்ற தொழிலைக் கொண்டு 1880-இல் பிஸ்கட் பட்டறை வைத்ததிலிருந்து, அடுமனைத் தொழிலில் மலையாளிகளுக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் எந்த ஊரில் இறங்கினாலும் பெங்களூர் அய்யங்கார் பேக்கரி என்று போர்டு தொங்குகிறது. உள்ளே பெங்களூரும் இருக்காது, அய்யங்காரும் இருக்க மாட்டார்.

நான் முதலில் பயன்படுத்தியது பழைய அலுமினியக் குக்கர். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டு, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு உப்பைக் கொட்டி, அதன்மேல் பிரிமனை மாதிரி ஒரு வளையம், அதன்மேல் தட்டு. பத்து நிமிடம் உப்பு காய்ந்த பிறகு தட்டை இறக்க வேண்டும். ஒரு ஈட்டுக்கு ஆறு பிஸ்கட் வரும். அடிப்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும், மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். மற்றபடி குறை சொல்ல முடியாது. அந்த உப்பு சமையலுக்கு ஆகாது, ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும். பிறகு ஒரு தீபாவளிக்கு ஓடிஜி என்கிற கரண்ட் ஓவன் வாங்கினோம். 1200 வாட். அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட் சுமாருக்கு ஆகும். ஒருமுறை தட்டை உள்ளே தள்ளி ஏழாவது நிமிடம் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு என்று அன்றைய பேப்பரில் வந்திருந்ததாம். கதவைத் திறக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். உள்ளே இருந்த சூட்டிலேயே அரைகுறையாக வெந்து, நடு மட்டும் அல்வாவாக வெளிவந்தன. பிள்ளைகள் அதைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார்கள்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். பெரிய அவல்போன்ற ஓட்ஸ் 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், வெண்ணெய் 90, நாட்டுச்சர்க்கரை 80. சமையல் சோடா கால் டீஸ்பூன். உப்பு ஒரு சிட்டிகை, பால் இரண்டு டேபிள்ஸ்பூன், ஏலக்காய் இரண்டு. கை நிறைய உலர்ந்த திராட்சை அல்லது தேங்காய்த் துருவல். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும்வரை குழைத்து, மீதியைப் போட்டுக் கலந்து, எலுமிச்சம்பழ அளவுக்குக் கொஞ்சம் குறைவாக உருட்டித் தட்டினால் இருபது வரும். 170 டிகிரியில் பதினைந்திலிருந்து பதினெட்டு நிமிடம்.

சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுவது நல்லது. டம்ளர் கணக்கு இங்கே எடுபடாது. மாவை அமுக்கி அளப்பதற்கும் தூவி அளப்பதற்கும் ஒரு டம்ளரில் இருபது முப்பது கிராம் வித்தியாசம் வரும். பிஸ்கட் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதை அம்மாவிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அறுபது வருஷமாகக் கண்ணளவில் சமைத்தவள். தராசை சமையலறையில் பார்த்ததும், "மளிகக் கட வெக்கப் போறியா?" என்றாள்.

அவள் கேள்வியில் கிண்டலைத் தாண்டி வேறொன்றும் இருந்தது என்று பிறகுதான் உறைத்தது. நம் சமையல் கடைசி நிமிடம்வரை பஞ்சாயத்துப் பேசுகிற சமையல். குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறோம். புளி தூக்கலாக இருந்தால் துளி வெல்லம். காரம் ஏறிவிட்டால் தேங்காய்ப்பால். உப்புக் கூடிவிட்டால் ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு மன்னிப்புக் கேட்கலாம். தாளிப்பு கொட்டி இறக்கும்வரைக்கும் கைக்கு அதிகாரம் இருக்கிறது. கைப்பக்குவம், கைமணம் என்று நாம் புகழ்வதெல்லாம் இந்தத் திருத்துகிற திறமையைத்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லும்போதும் இடையில் மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கிற உரிமை அதில் அடங்கியிருக்கிறது. ஓவன் கதவு மூடியதும் அந்த உரிமை போய்விடுகிறது. கிளறக் கூடாது, ருசி பார்க்கக் கூடாது, உப்புப் போட முடியாது. சும்மா சும்மா கதவைத் திறந்தால் சூடு இறங்கிவிடும். மனு கொடுத்தாகிவிட்டது, இனிமேல் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதல் ஆறு மாதம் எனக்கு அந்தப் பதினைந்து நிமிடம் பொறுக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. ஆறாவது நிமிடம் உருண்டையின் விளிம்பு மினுமினுக்கும், வெண்ணெய் இளகுகிறது. பிறகு அது மெதுவாகக் கால் நீட்டிப் படுக்கும். எட்டு, ஒன்பதில் நடு லேசாக உப்பும்; சோடா வேலை செய்கிறது. பத்துக்கு மேல் வாசனை. முதலில் பால் வாசனை, அப்புறம் வெல்லம், அப்புறம் அரிசி வறுக்கிற மாதிரி ஒன்று. அந்தக் கடைசி வாசனை வரும்போது விளிம்பு பழுப்பாகியிருக்கும், நடு இன்னும் வெளுப்பாகத் தொய்ந்து கிடக்கும். அந்த நேரம்தான் எடுக்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் நான் திரும்பத் திரும்பத் தோற்றேன். தொட்டால் மெத்தென்று அமுங்கும். வேகாத பண்டத்தை எப்படி எடுப்பது? இன்னும் ஐந்து நிமிடம் விடுவேன். வெளியே வரும்போது சரியாக இருக்கும், ஆறியதும் கல்லாகிவிடும். சூட்டில் இளகிக் கிடக்கிற சர்க்கரையும் வெண்ணெயும் ஆறும்போதுதான் இறுகுகின்றன, மிச்ச ஈரமும் அப்போதுதான் போகிறது. பிஸ்கட்டின் மொறுமொறுப்பு அடுப்பில் வருவதில்லை, தட்டில் வருகிறது. பாகு பதம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. மைசூர்பாகை இறுகும்வரை அடுப்பில் வைத்திருப்பவர் யார்? இருந்தும் பிஸ்கட் என்றதும் எனக்கு அது தோன்றவில்லை. பரிச்சயமில்லாத பண்டத்தின் முன்னால் தெரிந்த வித்தையும் மறந்துபோகிறது.

இனி சாமை. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சாமை விளைகிறது. போளூர் வழியாக இங்கே வந்து சேரும். பக்கத்து மலையில் இது இருக்கும்போது எந்தக் குளிர்தேசத்துத் தானியத்தையோ வாங்கித் தின்பானேன் என்று எனக்கும் ரோஷம் வந்தது. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருந்த சமயம். ஊரெல்லாம் அதே பேச்சு. ஓட்ஸை எடுத்துவிட்டுச் சாமையை வறுத்து உடைத்துப் போட்டேன். வாயில் போட்டால் ஆற்றுமணல். விண்டு கொட்டியது, விரலில் எடுக்க முடியவில்லை. ஓட்ஸில் இருக்கிற அந்தப் பசை, என் மனைவி போஸ்டர் ஒட்டலாம் என்றாளே அதே பசைதான், பிஸ்கட்டைக் கட்டி நிறுத்துகிறது. சாமையில் அது இல்லை. மாவை நைசாக அரைத்தேன், தேன் விட்டேன், கோதுமையைக் கூட்டினேன். பாதிக்குப் பாதி ஓட்ஸும் சாமை மாவும் கலந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் தேசபக்தி வேலை செய்யவில்லை. சாமைக்குச் சோறு இருக்கிறது, உப்புமா இருக்கிறது, பாயசம் இருக்கிறது. எல்லாவற்றையும் பிஸ்கட்டாக்கிப் பாக்கெட்டில் அடைத்தால்தான் அதற்கு மதிப்பு என்று நினைப்பது சாமைக்கே அவமானம்.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு எதையும் ஆன்மிகமாக்காமல் பேசுவது கஷ்டம். ஆட்டோக்காரர் வாடகையைச் சொல்லும்போதே ஒரு தத்துவமும் சேர்த்துச் சொல்வார். என் பிஸ்கட்டையும் விட்டுவைக்கவில்லை. ஓவன் என்பது தவம், காத்திருப்பது தியானம் என்று ஒரு நண்பர் ஆரம்பித்தார், பேச்சை மாற்றினேன். இந்த ஊரில் அந்த வேலையை ரமணர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். அவர் மலையில் இருந்த காலத்தில், தாயார் அழகம்மாள் அப்பளம் இட உட்கார்ந்து, மகனையும் உதவிக்குக் கூப்பிட்டாராம். அதற்கு அவர் எழுதிக் கொடுத்ததுதான் அப்பளப் பாட்டு. தானென்னும் நினைப்பை உளுந்தாக உடைத்து, நல்லோர் உறவைப் பிரண்டைச் சாறாக விட்டு, இடித்து, இட்டு, பொரிப்பதுவரைக்கும் செய்முறை அப்படியே இருக்கும். வேதாந்தத்தைத் தள்ளிவிட்டுப் படித்தாலும் அப்பளம் இடத் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவு துல்லியம். எனக்கு அதில் எப்போதும் ஒரு சந்தேகம் உறுத்தும். பாட்டுக் கிடைத்தது சரி, அன்றைக்கு அந்த அப்பளங்களை யார் இட்டது? அந்த அம்மாள் தனியாகத்தான் இட்டிருக்க வேண்டும். ஆனால் பிற்காலத்தில் ஆசிரமம் வந்த பிறகு அதே மனிதர் விடியலுக்கு முன்னால் எழுந்து சமையலறையில் காய் நறுக்கியதையும் அரைத்ததையும் கூட இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பட்ட கடனை அங்கே தீர்த்தார் என்று நான் எனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன சித்திரைப் பௌர்ணமிக்கு இருபது பிஸ்கட் சுட்டு எடுத்துக்கொண்டு கிரிவலம் போனேன். பௌர்ணமி என்றால் வேங்கிக்கால்காரன் வேலூர் சாலையைக் கடப்பதே பெரிய பாடு. பஸ்ஸும் வேனுமாக நிற்கும். 14 கிலோமீட்டர் பாதை நெடுக யாராவது எதையாவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். புளியோதரை, தயிர்சாதம், மோர், பிஸ்கட் பாக்கெட். அடியண்ணாமலை தாண்டி ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்த சாமியாரிடம் இரண்டு பிஸ்கட்டை நீட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"சக்கர போட்டதா சாமி?"

"நாட்டுச்சக்கரதாங்க."

"எதுவா இருந்தா இன்னா, எனக்கு சுகர் முந்நூறு" என்று சிரித்துவிட்டு, பக்கத்தில் படுத்திருந்த செவலை நாயிடம் போட்டார். அது மோந்துகூடப் பார்க்காமல் ஒரே வாயில் விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்னும் ஒன்று போட்டேன். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். "திராட்ச போட்டதாப்பா?" என்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போனேன். செவலை நன்றாக இருந்தது, வாலை ஆட்டியது. சாமியார்தான் இல்லை, செங்கம் பக்கம் போயிருந்தார்.

பௌர்ணமிக்கு வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கிரிவலப் பாதையில் நாய்களுக்குப் பிஸ்கட் போடுவதாக இருந்தால் வெறும் பிஸ்கட்டாகப் போடுங்கள். உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் ஆகாது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலமும் அதற்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் மீந்த புளியோதரையை இலையோடு அதன் முன்னால் வைக்காதீர்கள். ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள்.